அவள் பேருக்கு ஒரு ‘உள்ளேன் ஐயா’

என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவர்களே, நலமா என்று கேட்க மாட்டேன். நம் வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை என்று பொழுதே போய்விடும். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் பழைய வகுப்புப் படம் ஒன்றை யாரோ போட்டீர்கள். ஆளாளுக்குக் கும்பிடு போட்டீர்கள். ஒருவர் மட்டும், ‘மூன்றாவது வரிசையில் ரெட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எங்கே இருக்கிறது, அதையும் குழுவில் சேர்க்கலாமே’ என்று கேட்டார். ‘அது அப்பவே ஓடிப்போச்சே’ என்று இன்னொருவர் பதில் போட்டார். கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. ஓடிப்போனாள் என்பது சர்க்கார் ஏட்டை வைத்து ஊர் கட்டிய கதை. அந்த ஏட்டுக்குச் சாட்சி சொன்னவள் நான். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன், இன்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் ஆவணியிலேயே தீபாவளி சீசன் சூடுபிடித்துவிட்டது. ஆமத்தூர் தாண்டி சிவகாசி போகிற ரோட்டில், நம் ஊருக்குப் பிரிகிற விலக்கில், விடிவதற்கு முன்பே வெடிக் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கும். நான் அந்நேரம் தலையில் முக்காடும் கையில் கிதாபுமாகப் பள்ளிவாசலுக்கு ஓதப் போய்க்கொண்டிருப்பேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். ஆளுக்கொரு தூக்குவாளி, அதில் பழைய சோறு, மேலே ஒரு வெங்காயம். சாயங்காலம் அதே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அலுமினியப் பொடி அப்பி உங்கள் முகமெல்லாம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருக்கும். என் அத்தா கம்பெனிகளுக்குப் பசை காய்ச்ச மைதாவும், சரவெடி பின்ன நூலும் போடுகிற கடைக்காரர். எனக்கு வேலைக்குப் போகிற தலையெழுத்து இல்லை. பவுடர் பூசி, சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன்.

அவளும் நானும் ஒரே பெஞ்சு. அவளுக்குத் தகப்பனார் கிடையாது, அம்மா மட்டும். நான் பெரியம்மா என்று கூப்பிடும் அந்த அம்மா இருட்டோடு எழுந்து கடலைக்காட்டுக் கூலிக்குப் போய்விடுவார்கள். இவள் தானே எழுந்து, தானே சடை பின்னி, பஸ் ஏறுவாள். மருந்து நெடியில் தொண்டை கட்டி அவள் குரல் எப்போதும் கரகரவென்றிருக்கும். நான் அந்தக் குரலில் பேசிக் காட்டி உங்களையெல்லாம் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள்.

ஊர் உலகத்தில் மழை பெய்தால் பள்ளிக்கூடம் காலியாகும். நம் பள்ளிக்கூடம் மழை பெய்தால்தான் நிறையும். மழை நாளில் வெடி காயாது, மருந்தைத் தொட முடியாது, கம்பெனி லீவு. அன்றைக்கு நீங்கள் அத்தனை பேரும் நனைந்த தலையோடு வந்து உட்கார்வீர்கள். வகுப்பு முழுக்க ஈரத்துணி வாடையும் கந்தக வாடையும் அடிக்கும். சார் கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அந்த வருடம் அவர் மறுபடி மறுபடி ஆரம்பித்த பாடம், உலகத்தின் முதல் நாகரிகங்கள்.

ஞாபகம் இருக்கிறதா? ஆற்றங்கரையில் நகரம். நடுவில் கோயில். கோயிலிலேயே தானியக் களஞ்சியம். ராஜாவும் பூசாரியும் களஞ்சியத்துக்குச் சொந்தக்காரரும் ஏறக்குறைய ஒரே ஆள். யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார்கள் என்று எண்ணி வைக்கத்தான் மனிதன் ஈரக் களிமண்ணில் கீறி எழுதக் கற்றுக்கொண்டானாம். பிறகு ஒரு ராஜா எல்லோரும் பார்க்கும்படி கல்லில் சட்டம் வெட்டி நட்டு வைத்தாராம். கல்லின் தலைமாட்டில் சாமியும் ராஜாவும் எதிரெதிரே இருக்கிற படம் நம் புத்தகத்தில் இருந்தது. ராஜாவுக்குச் சட்டத்தைச் சாமியே கொடுத்தார் என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று சார் விளக்கினார். அதற்கு நாம் எல்லோரும் தலையாட்டினோம். நம் ஊரில் கம்பெனி முதலாளிதான் அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா, நம் வகுப்பறையையும் அவர்தான் கட்டிக் கொடுத்திருந்தார். அதனால் அந்தப் பாடத்தில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார் என்று கடிதம் வந்ததும் சார் வகுப்பையே ஒரு நகரமாக மாற்றினார். அவருக்கு அதிகாரியிடம் நல்ல பேர் வாங்க வேண்டும். முதல் பெஞ்சு பூசாரிகள், இரண்டாம் பெஞ்சு படைவீரர்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் நான் எழுத்தர். கண்மாயிலிருந்து களிமண் எடுத்து வந்து, தட்டி, ஈர்க்குச்சியால் கீறிக் கீறி என் விரல் இடுக்கெல்லாம் சேறு. ஒரு மழை நாளில் அவள் வந்தாள். அவளுக்குக் கொடுக்க வேஷம் ஒன்றும் மிச்சமில்லை.

“நீ மக்கள்” என்றார் சார்.

“மக்கள்னா என்ன சார் செய்யணும்?”

“வேல செய்யணும். மூட்டையக் கொண்டாந்து கோயில்ல எறக்கணும். எழுத்தர் எண்ணி எழுதிக்கிடுவா.”

அவள் புத்தக மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வகுப்பை நான்கு சுற்று சுற்றினாள். அவ்வளவு சந்தோஷம். கல்லில் வெட்டிய சட்டங்களைச் சார் வாசித்தபோதும் அவள்தான் வாயைப் பிளந்து கேட்டாள். ஒருவன் கட்டிக் கொடுத்த வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை என்று ஒரு சட்டம். “அது நெசமாவே கல்லுல எளுதியிருக்கா சார்?” என்று கேட்டாள். சார் ஆமாம் என்றார். “அப்ப அந்த ஊருல வீடெல்லாம் கெட்டியா இருந்திருக்கும்” என்றாள். 

இந்த இடத்தில் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. சீசனில் வராத பிள்ளைகளுக்கெல்லாம் வருகைப் பதிவேட்டில் வந்ததாகவே போட்டுவிடுவார். இல்லாவிட்டால் உங்கள் பேரை அடித்துவிடுவார்கள், பெயர்கள் குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போகும். தன் வேலையையும் காத்துக்கொண்டார், உங்கள் படிப்பையும் காத்தார். தீபாவளி முடிந்து நீங்கள் திரும்பி வந்தபோது உங்களுக்கு ஒரு நாற்காலி, அதாவது அரை அடி பெஞ்சு, இருந்தது என்றால் அது அவர் செய்த உபகாரம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் அவரைப் புண்ணியவான் என்றுதான் சொன்னார்கள்.

ஆய்வு நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் வீட்டில் ஒரே அழுகை. நாளைக்குப் பள்ளிக்கூடம்தான் போவேன், நான் இல்லாவிட்டால் நகரத்தில் மக்களே கிடையாது என்று அடம். பெரியம்மா வைதார்கள், முதுகில் ஒன்று வைத்தார்கள். ஆர்டர் நெருக்கும்போது ஒரு நாள் நின்றால் கம்பெனியில் அடுத்த நாள் சேர்க்க மாட்டார்கள். விடியற்காலை நான் ஓதப் போகும்போது அவள் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

“ஏ புள்ள, எம்பேருக்கு நீ உள்ளேன்னு சொல்லிரு. மறந்துறாத என்ன?”

சரி என்றேன். அவ்வளவுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஆய்வுக்கு ஆள் காட்ட வேண்டுமே. சார் ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்கி நம் பெஞ்சுகளில் நிரப்பி, ஆளுக்கொரு பேரைக் கொடுத்து வைத்திருந்தார். அதிகாரி வந்தார், தலைகளை எண்ணினார், பதிவேட்டை வாங்கித் தானே பேர் வாசித்தார். எல்லோரும் ஒழுங்காகச் சொன்னார்கள். அவள் பேர் வந்தபோது, அந்தப் பேரைச் சுமந்து உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளை பயந்துபோய் உதட்டைப் பிதுக்கியது. அதிகாரி நிமிர்ந்தார். சாருக்கு முகம் வெளுத்தது. நான் அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, கரகரத்த அவள் குரலிலேயே, “உள்ளேன் ஐயா” என்றேன்.

அதிகாரி அடுத்த பேருக்குப் போனார். எல்லாம் முடிந்ததும் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். நகரத்தை ஆடிக் காட்டினோம், நன்றாக இருக்கிறது என்றார். சார் என்னைத் தனியே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். வெடிச்சத்தம் நமக்குப் புதிதா? ஆனால் அன்று வந்தது காதில் விழவில்லை, உட்கார்ந்திருந்த தரையில் வந்தது. தட்டிலிருந்த சோறு துள்ளியது. மேற்கே சாம்பல் நிறத்தில் புகை எழுந்து அப்படியே நின்றது. சமைக்கிற அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள்.

ஓர் அறை முழுசாகப் போய்விட்டது. ஐந்து உடல்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேருக்குச் சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் சொன்னார்கள். ஐந்தாவது உடம்பில் அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியம்மா அந்த உடம்பின் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு, “எம்பிள்ள காலு எனக்குத் தெரியாதா, எங்கிட்ட குடுத்துருங்க” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி மேனேஜர், பதினாலு வயசுக்குக் கீழே கம்பெனியில் யாருமே கிடையாது, இது ரெண்டு நாள் முன்னால் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண், பேர் தெரியாது என்றார். போலீஸ் விசாரித்தது. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் கேட்டால் பதிவேடு இருக்கிறது. விபத்து நடந்த அன்று அவள் பள்ளியில் இருந்திருக்கிறாள், அதிகாரியே சரிபார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளியில் இருந்த பிள்ளையின் பிணம் ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கும்? அவளோடு பஸ் ஏறிய உங்களை யாரும் கேட்கவில்லை, ஏட்டின்படி நீங்களும் அன்று பள்ளியில்தான் இருந்தீர்கள்.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஏட்டில் பொய் எழுதுகிறவன்கூட, அம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை அல்லவா.

“வாத்தியாரு சூடம் அணைக்கட்டும். எம்பிள்ள அன்னைக்குப் பள்ளிக்கூடம் வந்தான்னு சொல்லட்டும். நான் எந்திரிச்சுப் போயிருதேன்” என்றார்கள்.

சார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அணைத்திருக்க மாட்டார். உண்மையைச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தர்மகர்த்தா, அதாவது முதலாளி, கை காட்டினார்.

“வாத்தியார் சர்க்கார் ஆளு. அவரைச் சத்தியம் பண்ணச் சொன்னா சர்க்காரையே சந்தேகப்படுத மாதிரி ஆகாதா? வேண்டாம்” என்றார்.

“அப்ப கூட்டாளிப் பிள்ள சொல்லட்டும். அது பொய் பேசாது” என்று பெரியம்மா என்னைக் காட்டினார்கள்.

பூசாரி என் முக்காட்டைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். அத்தா எழுந்து நின்று, “எங்க மார்க்கத்துல சின்னப் பிள்ளைககிட்ட சத்தியம் வாங்குறது இல்லீங்க. மன்னிச்சுக்கங்க” என்றார். நியாயம்தான், நியாயம்தான் என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் சாமியை மற்றவர் அவ்வளவு மதித்ததை நம் ஊரில் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மறுநாள் தாசில்தார் வரும்போது, சத்தியம் இல்லாமல் சும்மா கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு சார் எங்கள் கடைக்கு வந்தார். மைதா மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதிகாரியை ஏமாற்றியது தெரிந்தால் வேலை போகும், ஜெயில் என்றார். அவர் போனதும் அத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கேட்டா, வந்தான்னு சொல்லு.”

“அவ வரலயே அத்தா. நான்தான் அவ பேருக்குச் சொன்னேன்.”

“செத்த பிள்ள திரும்பி வரப் போறதில்ல. இருக்கவக பொழைக்கணும்ல. அந்த முதலாளி சரக்கு எடுக்கலன்னா நம்ம கடையவும் மூட வேண்டியதுதான்” என்றார். எங்கள் அத்தா ஐந்து வேளையும் தொழுதவர், எடையில் ஒரு குன்றிமணி குறைக்காதவர். அதையும் எழுதிவிடுகிறேன்.

தாசில்தார் நம் வகுப்பறையில்தான் உட்கார்ந்தார். சாரின் மேஜையில் பதிவேடு திறந்திருந்தது. பெரியம்மா வாசலில் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் நல்ல மாதிரிதான் கேட்டார்.

“பயப்படாம சொல்லும்மா. அன்னைக்கு அந்தப் பிள்ள வந்தாளா?”

“வந்தா சார்.”

“நல்லாத் தெரியுமா?”

“எம்பக்கத்துலதான் இருந்தா.”

அவர் எழுதிக்கொண்டார். காகிதத்தில் பேனா கீச்சிடுகிற சத்தம் கேட்டது. பெரியம்மா கத்துவார்கள், என்னைப் பிடித்து உலுக்குவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“அப்ப அங்கன கெடக்கது எம்பிள்ள இல்லையா? நான் அம்புட்டு வைஞ்சும் கள்ளி பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருக்கா! நான்தான் கிறுக்கச்சி, எவ காலையோ பாத்து எம்பிள்ள காலுன்னுட்டேன்” என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். “வெடிச்சத்தத்துல பயந்து எங்கிட்டோ ஓடியிருப்பா. எந்தப் பக்கம் தாயி போனா?”

அறையில் எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கிச் சாத்தூர் ரோட்டுப் பக்கம் காட்டினேன்.

மறுநாள் ஐந்தாவது உடம்பை அநாதைப் பிணம் என்று எரித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பெரியம்மா சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், ரெட்டைச் சடை போட்ட பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அச்சங்குளம், அப்புறம் யார் எந்த ஊர் சொன்னாலும் அந்த ஊர். விபத்தன்று பள்ளியில் இருந்த பிள்ளை, அதன்பின் காணவில்லை என்று தாசில்தார் ஆபீஸில் பெரியம்மாவுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊர்வாய் அவளை யாருடனோ ஓடிப்போகவும் வைத்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த ஊர்வாயில் உங்கள் வீட்டு வாயும் உண்டு, எங்கள் வீட்டு வாயும் உண்டு.

இப்போது நினைத்தால், அங்கே யாருமே பெரிய பாவம் செய்யப் புறப்படவில்லை. சார் பிள்ளைகளின் பேரைக் காத்தார், அத்தா வீட்டைக் காத்தார், பூசாரி கோயில் முறையைக் காத்தார், தாசில்தார் கையில் இருந்த ஏட்டை நம்பினார். முதலாளிக்கு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருந்து அவளை இல்லாமல் ஆக்கினோம். ஆற்றங்கரையில் முதல் நகரம் கட்டிய காலத்திலிருந்து மனிதன் இதைத்தான் பழகி வருகிறான் போல. எனக்கு அதில் மாற்றம் வரும் என்கிற நம்பிக்கை போய்விட்டது. போன சீசனிலும் மேற்கே புகை நின்றது, செத்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அதில் யார் பேர் விட்டுப்போனதோ.

அத்தாவும் போய்ச் சேர்ந்தார், சாரும் போய்ச் சேர்ந்தார். இனிமேல் யாரைக் காப்பாற்ற என்று, போன வருடம் விருதுநகரிலிருந்து பஸ் ஏறி பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கியிருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது. காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஜன்னலில் அவள் கை நீட்டியது, நான் குரல் மாற்றிச் சொன்னது, அத்தா சொன்னது, எரித்தது, எல்லாவற்றையும். “நான் பொய் சொன்னேன் பெரியம்மா. அவ கம்பெனிலதான் இருந்தா. நீங்க பாத்தது அவ காலுதான்” என்றேன்.

அவர்கள் சுவரைத் தடவி எழுந்தார்கள். பிறகு சுவரில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தார்கள். தாசில்தார் முத்திரை.

“ஒனக்கும் வயசாயிருச்சு பாப்பா, மறதி வந்திருக்கும். அவ பள்ளிக்கூடத்துல இருந்தான்னு இதுல எளுதியிருக்கு. ஆபீசர் கையெளுத்துப் போட்டுருக்காக. அம்புட்டுப் பேரும் பொய்யா சொல்வாக? ரேஷன் கார்டுல இன்னமும் அவ பேரு இருக்கு. ஆளு எண்ண வந்தவககிட்டயும் சொன்னேன், எளுதிக்கிட்டாக.”

“பெரியம்மா, நான் சொல்றதக் கேளுங்க...”

“அளுவாத. காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு, கடைசி பஸ்ஸு போயிரும்.” வாசல்வரை வந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்கள். “அவ வந்தா, நீ அவளச் செத்துட்டான்னு சொன்னத நான் அவகிட்ட சொல்ல மாட்டேன் தாயி.”